முதலில் இருமியது யார்

“பன்றி இருமுறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல யாரு இருமினது?”

கால்நடை மருத்துவர் உமையாள் இதைச் சத்தியப்பிரியாவிடம்தான் கேட்டார். தாய்ப் பன்றியின் மூக்குக்குள் விட்டு எடுத்த பஞ்சுக் குச்சியைக் குப்பியில் ஒடித்துப் போட்டு, மூடியைத் திருகிக்கொண்டே, மாவு ஆட்டியாச்சா என்று விசாரிப்பது போல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

சத்தியப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். புதிய மனிதர் யாராவது கேள்வி கேட்டாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். எழுந்து நின்று பதில் சொல் என்றால் உள்ளங்கை வேர்த்துப் புத்தகம் நனைந்துவிடும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா இறந்த பிறகு அக்கா சித்ரா வீட்டோடு வந்துவிட்டாள். அக்காவின் கணவர் வீரபாண்டியன், கானாடுகாத்தான் போகிற சாலையிலிருந்து விலகி உள்ளே கிடந்த பொட்டல் நிலத்தில் வெண்பன்றிப் பண்ணை வைத்திருந்தார்.

“இங்க யாரும் இருமலைங்க டாக்டரம்மா. எல்லாரும் கல்லுக்குண்டாட்டம்தான் இருக்கோம்” என்று தங்கைக்காகச் சித்ரா பதில் சொன்னாள்.

உமையாள் சித்ராவின் பக்கம் திரும்பவே இல்லை. சத்தியப்பிரியாவின் முகத்தையே ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு, அடுத்த பன்றியிடம் போனார். அந்த ஒரு நொடிதான் சத்தியப்பிரியாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. பன்றிக்குக் காய்ச்சல் வந்தால் பன்றியைப் பார்க்க வேண்டியதுதானே. மனிதர் மூஞ்சியை எதற்கு இப்படித் துருவிப் பார்க்கிறார்?

கொட்டகையே இருமிக்கொண்டிருந்தது. நாய் குரைப்பது போல வறண்ட இருமல். கானாடுகாத்தான் அரண்மனை வீடுகளில் நடக்கும் ஹோட்டல்களிலிருந்து டிரம் டிரம்மாக வரும் மிச்சச் சாப்பாட்டை, வெள்ளைக்காரர்கள் பாதி கடித்து வைத்த ரொட்டி வரைக்கும், சண்டை போட்டுத் தின்கிற பன்றிகள் இப்போது தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தன. இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் பண்ணையாள் முத்துவீரன் மருத்துவருக்குப் போன் போட்டான். பண்ணைக்காரர் ஊரில் இல்லை. வீரபாண்டியன் மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, காவடிக் கூட்டத்தோடு பழனிக்கு நடந்துகொண்டிருந்தார்.

முத்துவீரனும் அவன் மனைவி சின்னக்கண்ணுவும் பண்ணைக்குள்ளேயே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். வீடு பண்ணையுடையது. அந்த வீட்டை விட்டால் அவர்களுக்குத் தலை சாய்க்க வேறு இடமில்லை. பொங்கலுக்குச் சின்னக்கண்ணுவின் அண்ணன் ஊருக்குப் போயிருந்தவர்கள், திரும்பி வந்த சில நாளில்தான் பன்றிகள் இருமத் தொடங்கின. அதற்குப் பிறகு முத்துவீரனும் இருமினான். உமையாள் போன் பண்ணிச் சொல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து அவன் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் போனார்.

டீக்கடையில் பேச்சு கிளம்ப இது போதாதா? “பன்னியும் அவனும் ஒரே குச்சியில மூக்கு குத்திக்கிட்டாகளாம்ல” என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்ததாம். சிரித்தவர்களே மறுநாள் பண்ணைப் பக்கமாக வண்டியில் போகும்போது துண்டால் மூக்கை மூடிக்கொண்டு போனார்கள்.

வீரபாண்டியன் பழனியிலிருந்து பஸ்ஸில் திரும்பி, மாலையைக் கழற்றிப் பூசையில் வைத்த கையோடு பண்ணைக்கு வந்தார். நடந்த நடையில் கன்னம் ஒட்டிக் கறுத்திருந்தார். வந்ததும் வராததுமாகக் கேட்டைத் திறந்துகொண்டே கேட்டார்.

“அந்தக் காதுல புள்ளி வச்ச குட்டி எப்படி இருக்கு?”

“இருக்குண்ணே. அதுக்குத்தான் மத்ததை விட இழுப்பு ஜாஸ்தி” என்றான் முத்துவீரன்.

“இருக்குல்ல?” என்று அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த கணமே குரல் மாறிவிட்டது. “என்னையக் கேக்காம எவன்டா உன்னை டாக்டரைக் கூப்பிடச் சொன்னது? கோழிக்குச் சீக்கு வந்தப்ப என்னா பண்ணாங்யன்னு தெரியும்ல? குழியைத் தோண்டி உசுரோட தள்ளினாங்ய. என் பன்னியையும் தள்ளணுமா?”

“மூச்சு விட முடியாமக் கிடந்துச்சுகண்ணே. அதான்...”

“நீ மொதல்ல அங்குட்டுத் தள்ளி நில்லு. நீயே இருமிக்கிட்டுத்தானே நிக்கிற? பொங்கலுக்குப் போன எடத்துல சீக்கை வாங்கிட்டு வந்து இதுகளுக்குக் குடுத்திருக்க.”

முத்துவீரன் இரண்டடி தள்ளி நின்றான்.

தவிட்டு மூட்டைக்குப் பின்னால் நின்ற சத்தியப்பிரியாவுக்கும் அப்போது முத்துவீரன் மேல்தான் சந்தேகம். அதற்குக் காரணம் இருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் தீனி போடப் போனவள் அவள்தான். தாய்ப் பன்றி அதற்குள் குட்டி போட்டிருந்தது. போட்டது மட்டுமா? குட்டிகளைத் துடைத்து, தொப்புள்கொடியை நூலால் முடிச்சுப் போட்டு நறுக்கி, அயோடின் தடவி, குண்டு பல்புக்கு அடியில் சாக்கு விரித்து வரிசையாக விட்டிருந்தது யாரோ ஒரு கை. கொட்டகையில் ஆளே இல்லை. முத்துவீரன் ஊரிலிருந்து வந்ததும் இதைச் சொன்னாள். அவன் ஒரு குட்டியைத் தூக்கி, அதன் தொப்புள் முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“நான்தான் பாப்பா. மனசு கேக்கலை, விடியங்காட்டி வந்து பாத்துட்டு ஓடிட்டேன்” என்றான்.

இப்போது அதையே சித்ரா தன் கணவரிடம் எடுத்துச் சொன்னாள். வீரபாண்டியன் சட்டென்று அவளைப் பார்த்தார். பிறகு முத்துவீரனைப் பார்த்தார். முத்துவீரன் தரையைப் பார்த்தான்.

“அப்படியா சொன்னான்?” என்று மெல்லக் கேட்டார்.

“ஆமா. பிரியாகிட்டதான் சொன்னான்.”

“அப்பறம் என்ன? இருமிக்கிட்டே குட்டியைத் தூக்கியிருக்கான். பேச்சே வேணாம். முத்துவீரா, இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிரு. நான் வேற ஆளு பாத்துக்கிறேன்.”

சின்னக்கண்ணு அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினாள். முத்துவீரன் மட்டும் அப்படியே நின்றான். பண்ணைக்காரர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருப்பவன் போல நின்றான். அவர் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அன்று பாத்திரம் துலக்கும்போது சத்தியப்பிரியாவுக்கு ஒன்று உறைத்தது. காதில் புள்ளி வைத்த குட்டி. மாலை போட்டவர்கள் பன்றியைத் தொடக்கூடாது, பிள்ளை பெற்ற தீட்டு, குட்டி போட்ட தீட்டு எதுவும் படக்கூடாது. வீட்டில் கூடப் படுக்காமல், காவடிக் கூட்டத்தோடு பஜனை மடத்தில்தான் மச்சான் படுத்திருந்தார். குட்டிகள் பிறந்தது அவர் மாலையோடு இருந்தபோது. கொட்டகைக்குள் காலே வைக்காதவருக்கு எந்தக் குட்டி காதில் புள்ளி என்று யார் சொன்னது?

முத்துவீரன் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஒரு சந்தேகம் உள்ளே புகுந்தால் சும்மா இருக்குமா? கையில் சுருணையோடு வந்து பழைய மூலைகளையெல்லாம் துடைக்கத் தொடங்கிவிடும்.

மாலை போட்டவரின் பச்சை வேட்டியைத் தனி வாளியில் துவைக்க வேண்டும் என்பது சித்ராவின் கண்டிப்பு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மச்சான் வாசலோடு நின்று, வேட்டியைச் சுருட்டிச் சத்தியப்பிரியாவிடம் நீட்டினார். குரல் கரகரவென்று இருந்தது. கண் சிவந்திருந்தது. என்ன மச்சான் என்றதற்கு, ராத்திரி முழுக்கப் பாட்டுப் பாடினது தொண்டை கட்டிக்கொண்டது என்றார். பிரித்துப் பார்த்தால் வேட்டியின் முன்பக்கம் பழுப்புக் கறை. விபூதி, சந்தனம், பன்னீர் என்று என்னவோ நினைத்து அவளும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறை போகவில்லை. அது என்ன கறை என்று இப்போது யோசித்தபோது, குட்டிகளின் வயிற்றில் பார்த்த அதே பழுப்பு கண் முன்னால் வந்தது.

மறுநாள் கிணற்றடியில் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள்.

“அக்கா, அன்னைக்கு முத்துவீரண்ணன் மட்டும் விடியக்காலம் இங்க வந்துட்டுப் போனாகளா?”

“யாரு, இந்த மனுசனா?” சின்னக்கண்ணு மூக்கைச் சிந்தி எறிந்தாள். “எங்கண்ணன் ஊரு மஞ்சுவிரட்டுக்கு எடம் பிடிக்கிறேன்னு கருக்கல்லயே போயிப் பொட்டல்ல உக்காந்துட்டாரு. நான்ல கஞ்சி கொண்டு போனேன். அங்கிட்டு இருந்து இங்க வர பஸ்ஸு ஏது தாயி?” சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். “ஏன் கேக்குற?”

“சும்மாக்கா.”

சும்மா என்று சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. முத்துவீரன் பொய் சொல்லியிருக்கிறான். அது அவனுக்கு உதவுகிற பொய் இல்லை. அவன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்ட பொய். யாருக்காக என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? மச்சான் பால்குடமும் காவடியும் எடுத்தபோது ஊரே காலில் விழுந்தது. பன்றி குட்டி போட்ட தீட்டோடு காவடி தூக்கியவர் என்று வெளியே தெரிந்தால் காவடிக் கூட்டத் தலைவர் செம்மலை அவரை மடத்துப் படி ஏற விடமாட்டார். அப்படியொரு பேச்சைக் கிளப்பிவிட்டு, அதே வீட்டில் எந்த முகத்தோடு தட்டை நீட்டிச் சோறு வாங்குவது? சொல்லாமல் விட்டால் மாதம் முடிந்ததும் ஓட்டு வீடு பூட்டப்படும்.

உமையாள் இரண்டாம் முறை வந்தபோது முத்துவீரனுக்கு இருமல் நின்றுபோயிருந்தது. பன்றிகளும் தொட்டியில் மறுபடி முட்டி மோதிக்கொண்டிருந்தன. கேட்டருகே சாக்கில் கட்டிய இரண்டு மூட்டைகள் இருந்தன. சின்னக்கண்ணு அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“இதெல்லாம் என்ன?” என்றார் உமையாள்.

“அவங்ய கெளம்புறாங்ய. நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. குழி தோண்டணுமா?” என்று கேட்டார் வீரபாண்டியன். அவர் குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை.

“ஒன்னையும் கொல்ல வேண்டாம். எல்லாம் தேறிடுச்சு. ஆனா என்ன நடந்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.” உமையாள் மரநிழலில் கிடந்த தீனி டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார். “எங்க ஊர்ப் பக்கம் வீடுகள்ல பாத்திரத்துல எல்லாம் பேர் வெட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க. ஒரே சமையல்கட்டுல ரெண்டு வீட்டுப் பாத்திரமும் கிடக்குதுன்னு வச்சுக்குங்க. விசேஷம் முடிஞ்சு மூட்டை கட்டுற ஆள் பேரையா பார்க்கப்போறான்? உருப்படி எட்டு இருக்கான்னுதான் பார்ப்பான். இந்த ஃப்ளூ வைரஸுக்குள்ள மரபணு எட்டுத் துண்டா இருக்கு. பன்றியோட வைரஸும் மனுஷனோட வைரஸும் ஒரே செல்லுக்குள்ள புகுந்துட்டா, புதுசா மூட்டை கட்டும்போது மாத்தி மாத்திக் கட்டிடும். இங்க அதான் நடந்திருக்கு. ஆறு துண்டு பன்றியோடது. ரெண்டு மனுஷனோடது.”

“பன்னிக்கு முன்னாடியே சீக்கு இருந்துச்சா?” என்றாள் சித்ரா.

“மார்கழில வெளியில இருந்து ஒரு ஆண் பன்றி வாங்கிட்டு வந்தீங்கள்ல, அதுகிட்ட இருந்திருக்கும். அது லேசான சளி. தானா வந்து தானாப் போயிருக்கும். மனுஷனோடதும் வந்து சேர்ந்ததாலதான் கொட்டகையே படுத்துடுச்சு. இப்படி மாறிக் கட்டின மூட்டைல முக்கால்வாசி எதுக்கும் ஆகாது. எப்பவாவது ஒன்னு ரெண்டு பக்கமும் தொத்துற மாதிரி அமைஞ்சிடும். எங்களுக்கு அதான் பயம்.”

“அந்த மனுசன் இந்தா நிக்கிறான்ல” என்று வீரபாண்டியன் முத்துவீரனை மோவாயால் காட்டினார்.

“இல்லை. இவர் கொடுக்கலை, வாங்கியிருக்கார். இவர் மூக்குல இருந்தது கலந்த பிறகு உள்ளது. கொடுத்தவர்கிட்ட எட்டும் மனுஷனோடதா இருக்கணும். அதுவுமில்லாம, இந்த வைரஸ் ஒரு பன்றியில இருந்து இன்னொரு பன்றிக்குப் போகும்போது மரபணுல எழுத்து எழுத்தா மாறிக்கிட்டே போகும். இவருக்கு வந்தது அப்படிப் பல பன்றி தாண்டி வந்தது. ஆரம்பம் எங்கன்னு பார்த்தா ஒரே ஒரு குட்டி. அதோட மூக்குல மட்டும் மூணும் இருந்துச்சு. பன்றியோடது தனியா, மனுஷனோடது தனியா, கலந்தது தனியா.” உமையாள் கொட்டகைப் பக்கம் கை நீட்டினார். “காதுல கறுப்புப் புள்ளி இருக்குல்ல, அந்தக் குட்டி.”

வீரபாண்டியன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“நல்லா நெருக்கத்துல இருந்துதான் வந்திருக்கணும். அது யாருன்னு தெரிஞ்சா, அவர்கூட இருந்தவங்களுக்கும் பரிசோதனை பண்ணலாம். அதுக்குத்தான் கேக்குறேன். திட்டுறதுக்கு இல்லை.”

“அப்ப...” வீரபாண்டியனின் கண் அங்கும் இங்கும் அலைந்து, தவிட்டு மூட்டைப் பக்கம் வந்து நின்றது. “இந்தப் புள்ளதான் அப்பத் தீனி போட்டுச்சு. ஏ பிரியா, உனக்கு ஏதும் தும்மலு கிம்மலு இருந்துச்சா? சொல்லு, ஒன்னும் பண்ண மாட்டாக.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சித்ராவின் பார்வைதான் அவளைச் சுட்டது. கூடப் பிறந்தவளே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுவிட்டாள். உள்ளங்கை வேர்த்தது. பாவாடையில் துடைத்தாள். மறுபடி வேர்த்தது.

“மச்சான்” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். “மச்சான், அந்தக் குட்டிக்குக் காதுல புள்ளி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“என்னது?”

“பழனியில இருந்து வந்த அன்னைக்குக் கேட்டைத் தொறக்குறப்பவே கேட்டீக. நீங்க அதுவரைக்கும் கொட்டகைக்குள்ள போகவே இல்லைல?”

“இவன்தான் சொல்லியிருப்பான்.”

“அண்ணன் ஊருல இருந்து வந்துதான் குட்டியையே பாத்தாக. குட்டி பொறந்த அன்னைக்கு அவுக மஞ்சுவிரட்டுப் பொட்டல்ல இருந்தாக.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. “உங்க வேட்டியில இருந்த கறை அயோடின், மச்சான். நான்தான் தொவைச்சேன்.”

வீரபாண்டியன் கையை ஓங்கிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் டிரம்மின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“தனியாக் கெடந்து கத்துச்சு” என்றார். “மடத்துல இருந்து வர்ற வழியில சத்தம் கேட்டுச்சு. பாத்துட்டுப் போயிரலாம்னுதான் எட்டிப் பாத்தேன். ஒவ்வொன்னா வந்துச்சு. கடைசியா வந்தது மூச்சே விடலை. நீலமாக் கெடந்துச்சு. தட்டிப் பாத்தேன், தலைகீழாப் பிடிச்சு ஆட்டிப் பாத்தேன்...” துண்டால் முகத்தைத் துடைத்தார். “மூக்குல வாயை வச்சு ஊதினேன்.”

“மாலையோடயா?” என்றாள் சித்ரா.

“மாலையைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன்.”

“காய்ச்சல் இருந்துச்சா உங்களுக்கு?” என்று உமையாள் கேட்டார்.

“மடத்துல பாதிப் பேருக்கு இருந்துச்சும்மா. செம்மலையண்ணன் இருமி இருமித்தான் பாட்டெடுத்துக் குடுத்தாரு. மாலை போட்டுட்டுக் காய்ச்சல்னு வாய் விட்டா சாமி குத்தம்பாக. யாரும் சொல்லலை. நானும் சொல்லலை.”

சித்ரா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சின்னக்கண்ணு மூட்டை மேலிருந்து எழுந்து, கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப உனக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் நான்தான்னு சொன்னியா?”

முத்துவீரன் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பண்ணையில் இத்தனை வருஷமாக இருவர்தான் குட்டி எடுத்தார்கள். ஒருவர் போடும் முடிச்சு இன்னொருவருக்குத் தெரியாதா? சாமிக்கு மாலை போட்டவர் பெயர் கெட வேண்டாம் என்று ஒரு பொய் சொன்னான். அந்தப் பொய்யையே எடுத்து அவர் தன்னைத் துரத்துவார் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

உமையாள் எழுந்து பையைத் திறந்தார். காவடிக் கூட்டத்தில் யார் யாருக்குக் காய்ச்சல் என்று வீரபாண்டியனிடம் பெயர் கேட்டார். அவர் தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். செம்மலையின் பெயரைச் சொல்லும்போது மட்டும் சாலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் எழுந்து, கேட்டருகே போய், முதல் மூட்டையைத் தானே தூக்கினார்.

“முத்துவீரா, நடந்தது நடந்துபோச்சு. ஊருக்குப் பயந்துட்டேன்டா. இதை உள்ள கொண்டு போயி வைப்போம், வா. சின்னக்கண்ணு, நீயாவது சொல்லு ஆத்தா.”

“நான் என்னத்தைச் சொல்ல? நீங்களும் அவரும்தான பேசாமப் பேசிக்கிறவுக” என்றாள் சின்னக்கண்ணு.

முத்துவீரன் கொட்டகைக்குள் போனான். சரி, இருக்கப் போகிறான் என்று சத்தியப்பிரியா நினைத்தாள். தண்ணீர்த் தொட்டியில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நிரம்பும் வரை நின்று, குழாயை மூடிவிட்டு வெளியே வந்தான். கொட்டகைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து டிரம்மின் மேல் வைத்தான். வீரபாண்டியனின் கையிலிருந்த மூட்டையை, பிடுங்காமல், மெதுவாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். மற்ற மூட்டையைச் சின்னக்கண்ணு எடுத்துக்கொண்டாள்.

“டேய், ஒரு வார்த்தை திட்டிட்டாவது போடா” என்றார் வீரபாண்டியன்.

சத்தியப்பிரியாவைக் கடக்கும்போது முத்துவீரன் ஒரு கணம் நின்றான். அவள் தலையில் கையை வைத்து எடுத்தான். பிறகு கேட்டைத் தாண்டி, வெயிலில் வெளுத்துக் கிடந்த மண்பாதையில் இறங்கி, சாலையைப் பார்த்து நடந்தான்.